வரைபடத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை

தப்பா நெனைச்சுக்காதீங்க சார். அந்தத் தீப்பெட்டிய மட்டும் சட்டைப் பைக்குள்ள வெச்சுருங்க. காது கொடையத்தான் குச்சிய எடுத்தீங்கன்னு எனக்கும் தெரியுதுங்க. பஸ்ஸுக்குள்ள ஆரும் பத்த வெக்கமாட்டாங்கன்னும் தெரியுது. ஆனாலும் குச்சியும் பொட்டியும் ஒண்ணாக் கண்ணுல பட்டா எனக்கு ஆகறதில்லீங்க. மாசக் கணக்கா இப்புடித்தான்.

நான் பொறவியிலயே பயந்தாங்கொள்ளின்னு நெனைக்காதீங்க. பாம்பு புடிச்சவனுங்க நானு. ஆனா உங்க ஊட்டுக்குப் பின்னால ஒருத்தன் வெடிமருந்துக் கிடங்கு கட்டி வெச்சிருந்தா உங்களுக்கும் இப்புடித்தான் இருக்கும். ஆமாங்க, வெடிமருந்து. கெணத்துக்கும் பாறைக்கும் வெப்பாங்கல்ல, அந்தத் தோட்டா. பொட்டி பொட்டியா.

நம்முளுக்கு ஊசிக்கரடுங்க. பர்கூர் மலைக்கு அடிவாரம். பதினோரு ஊடு. பத்து ஊடு ஓடைக்கு அக்கட்டால, எங்க ஊடு மட்டும் இக்கட்டால, தனியா. என்ற பேரு சென்னியப்பன். நானும் என்ற பொண்டாட்டி துளசாமணியும் கல்லுச் சொமந்து கட்டுன ஊடுங்க அது. இருவத்திரண்டு வருசமாச்சு. ஓட்டுக் கூரை, ரெண்டு ரூம்பு, பின்னால சமையக்கட்டு. புள்ளையக் கட்டிக் குடுத்ததுக்கப்பறம் நாங்க ரெண்டு பேரும் மூணு மாடுந்தான்.

போன சித்திரையில பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து கார்ல வந்து எறங்குனாருங்க. எங்க வாசலுக்கு ஒரு காரு வந்ததே அன்னைக்குத்தான். கூட வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர், கம்பெனிக்காரராம். கயித்துக் கட்டில்ல உக்காந்து மோர் குடிச்சாங்க. குடிச்சுப்போட்டு ஒரு பெரிய காயிதத்த விரிச்சாங்க. வரைபடமுங்க. நடுவுல செகப்புல ஒரு கட்டம், அதச் சுத்தி ஒரு பெரிய வட்டம். வட்டத்துக்குள்ள வேற ஒண்ணுமில்ல, ஓரமா ஒரு சின்னப் பொட்டி மட்டும். அதுக்குப் பக்கத்துல "மா.கொ."ன்னு எழுதியிருந்துச்சு.

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவனுங்க. ஓடையப் பாத்தேன், கரட்டப் பாத்தேன், எனக்கு எடம் புடிபட்டுப் போச்சு.

"தலைவரே, இந்தப் பொட்டி எங்க ஊடு இருக்கற எடமாட்ட இருக்குதுங்களே?"

"உன்ற ஊடேதானப்பா."

"மா.கொ.ன்னா என்னங்க?"

"மாட்டுக் கொட்டகை."

நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். அவரு சிரிச்சாரு. "அட, வெறுங் காயிதத்துலதானப்பா. காயிதத்துல எழுதிப்போட்டா நீ என்ன மாடாயிருவயா?"

நானும் சிரிச்சனுங்க. தலைவர் சிரிச்சா நாமளும் சிரிக்கோணுமில்லீங்களா.

துளசாமணி சிரிக்கலீங்க. மோர்ச் செம்ப இடுப்புல வெச்சுட்டு நின்னா. "அந்த வட்டம் எதுக்குங்க?"ன்னு கேட்டா. கம்பெனிக்காரர், "அது ஒரு கணக்கும்மா"ன்னாரு. தலைவர்தான் சொன்னாரு, அந்த வட்டத்துக்குள்ள ஆளு குடியிருக்கக் கூடாதுங்கறது விதி, ஆளு இருந்தா கிடங்குக்கு அனுமதி வராதுன்னு. இவ உட்டாளுங்களா? "ஏனுங்க ஆளு இருக்கக் கூடாது?"ன்னா.

கம்பெனிக்காரர் மீதி மோர ஒரே மூச்சுல குடிச்சாரு.

அவளுக்கு எப்பவுமே இந்த எடக்குப் பேச்சு. ஊட்டுக்கு வந்தவியகிட்ட ஏன், எதுக்குன்னு கேக்கலாமுங்களா?

நான் தலையச் சொறிஞ்சுட்டு நின்னேன். அப்பத்தான் தலைவர் மெதுவாக் கேட்டாரு. "சென்னியப்பா, இந்த ஊட்டுக்கு நீ பிளான் அப்ரூவல் வாங்கியிருக்கறயா?"

"ஊசிக்கரட்டுல ஆருங்க பிளான் வாங்குனாங்க?"

"அப்ப இது அனுமதியில்லாத கட்டடம். நான் ஒரு நோட்டீஸ் உட்டா இடிக்கோணும். உடுவனா? உடமாட்டேன். நீ நம்ம ஆளு. இந்த வேலை முடியட்டும், உனக்குப் பட்டாவே வாங்கித் தாரேன்."

அவரு நல்ல மனுசனுங்க. இன்னொருத்தரா இருந்தா நோட்டீஸத்தான் மொதல்ல நீட்டியிருப்பாரு. இவரு சொல்லிப் பாத்தாரு பாருங்க. இடிக்கறதுன்னு ஒரு வார்த்தை காதுல உழுந்ததுக்கப்பறம் வேற எதுவும் கேக்கலீங்க. காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேன். "மேற்படி இடத்தில் உள்ளது எனது மாட்டுக் கொட்டகை, அதில் மனிதர் யாரும் வசிக்கவில்லை." அது மட்டும் மனப்பாடமா நிக்குதுங்க, பாருங்க.

துளசாமணி அன்னைக்குப் பொழுதோட ஒண்ணே ஒண்ணு கேட்டா. "பேப்பர்ல வந்தது நெசத்துல வராதுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னா?"

ஆனி மாசம் கிடங்குக்கு அனுமதி குடுக்கற ஆபீசர் நேர்ல பாக்க வாராருன்னு தகவல் வந்துச்சு. ஸ்தல ஆய்வாம். மொத நாளே தலைவர் ரெண்டு ஆளு அனுப்பிட்டாரு. கட்டிலு, டிவி, அரிசி டிரம்மு, சாமி படம், எல்லாத்தையும் டெம்போவுல ஏத்தி அக்கட்டால கொண்டு போய் வெச்சாங்க. வாசக்கால் நெலவுல இருந்த கதவு நம்பர்த் தகட்டக் கழட்டுனாங்க. தரையில வைக்கோலப் பரப்புனாங்க. மாட்ட உள்ள கட்டோணும்னாங்க. மாடு வர மாட்டீங்குதுங்க! இத்தன வருசமா உள்ள வராதேன்னு வெரட்டுன எடத்துக்கு இப்ப வா வான்னா எப்புடி வரும்? சிமிட்டித் தரையில கால் வழுக்கி, கண்ண உருட்டிக்கிட்டு நிக்குது. நாலு பேரு தள்ளி உள்ள உட்டோம். உள்ள போனதும் பயத்துல சாணி போட்டுச்சு. "அது போதும், அப்புடியே இருக்கட்டும்"னாங்க.

துளசாமணிய அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு மறுநா வான்னு சொல்லியிருந்தேன். அவ, "என்ற ஊட்டுல இருந்து நான் ஏனுங்க போகோணும்?"னுட்டா. நான் காலப் புடிக்காத கொறையாக் கெஞ்சுனேன். கடைசியில, சத்தங் காட்டாம சமையக்கட்டுக்குள்ள இருந்துக்கறேன்னா. கதவுக்கு முன்னால சோளத்தட்ட அடுக்கி மறைச்சேன். ஓராள் நுழையற சந்து மட்டும் உட்டேன், மூச்சு முட்டக் கூடாதில்லீங்களா. பாருங்க, அதையெல்லாம் நான் யோசிச்சேன்.

பதினோரு மணிக்கு வந்தாங்க. ஆபீசர் சின்ன வயசு. கையில அட்டை, அதுல காயிதம். தலைவர் பின்னால நிக்கறாரு. ஆபீசர் வாசப்படியில நின்னு உள்ள பாத்தாரு. மாடு அவரப் பாத்துச்சு.

"இங்க யாராவது குடியிருக்காங்களா?"

"இல்லீங்க சார்."

அவரு நெலவுல கைய வெச்சாரு. எனக்கு ஈரக்கொலை அந்துருச்சுங்க. அங்க துளசாமணி ஒட்டி வெச்ச ஸ்டிக்கர்ப் பொட்டு. தலைக்குத் தண்ணி வாத்துக்கப் போறப்ப நெத்தியில இருந்து எடுத்து ஒட்டுவாளே, அது. வரிசையா ஆறேழு. நம்பர்த் தகட்டக் கழட்டுனவன் அதக் கவனிக்கலீங்க.

"இது என்ன?"

"மாட்டுக்குங்க. பொங்கலுக்கு மாட்டுக்கு வெச்சதுங்க."

எப்புடித் தோணுச்சோ! தலைவரே பொறகு என்னையத் தட்டிக் குடுத்தாரு, பரவால்லயே சென்னியப்பான்னு. ஆனா ஆபீசர் சிரிக்கலீங்க. உள்ள ரெண்டு எட்டு வெச்சாரு. சோளத்தட்டுச் சந்துப் பக்கம் பாத்தாரு. நானும் பாத்தேன். இருட்டுக்குள்ள துளசாமணி கண்ணு தெரிஞ்சுது சார். எனக்குத் தெரிஞ்சா அவருக்குந் தெரிஞ்சிருக்குமா, தெரிஞ்சிருக்காதா? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலீங்க. அவரு திரும்பி என்னைய மட்டும் பாத்துக் கேட்டாரு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இங்க யாரும் இல்லையா?"

தலைவர் செருமுனாரு.

"ஆருமே இல்லீங்க சார்"னேன்.

அவரு ஒரு போட்டோ எடுத்தாரு. மாட்டுக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நான் நிக்கற மாதிரி. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

காரு போன பொறகு துளசாமணி வெளிய வந்தா. சத்தம் போடுவாள்னு நெனச்சேன். போடலீங்க. மாட்ட அவுத்து வெளிய கட்டுனா. வைக்கோல வாருனா. நாலு கொடம் தண்ணி ஊத்தித் தரையக் கழுவுனா. அப்பறம் ரெண்டு சீலைய மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, "ஆருமில்லாத ஊட்டுல நான் எதுக்குங்க?"ன்னு சொல்லிப்போட்டு எறங்கிப் போனா. அண்ணன் ஊரு இந்த ரூட்லயேதாங்க, எங்க ஊருக்குத் திரும்பற பிரிவு தாண்டி ஆறாவது ஸ்டாப்பு. ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். பொம்பளைங்க கோவம் எத்தன நாளைக்கு நிக்குமுங்க? அவ என்ன நெனச்சாளோ போங்க, நான் பண்ணுனது அந்த ஊட்டக் காப்பாத்தத்தான்.

மூணு மாசத்துல கட்டடம் எந்திரிச்சிருச்சு. சுத்தி முள்ளுக்கம்பி. செகப்புப் போர்டு, அதுல மண்டை ஓடு. புரட்டாசி கடைசியில மொத லோடு வந்துச்சு. பொட்டி எறக்கறவிய செருப்பக் கழட்டிப்போட்டு, பச்சைக் கொழந்தையத் தூக்கற மாதிரித் தூக்குனாங்க சார். அதப் பாத்ததுல இருந்துதான் எனக்கு இந்த நடுக்கம். அத்தன பதனமாத் தூக்கோணும்னா, தவறி உழுந்தா என்ன ஆகும்?

தீபாவளிக்கு ஓடைக்கு அக்கட்டால போய் ஊடு ஊடாக் கும்புட்டேன், பட்டாசு வெக்காதீங்கன்னு. புள்ளைங்க என்னைய ஓட்டுச்சுங்க. பீடிய உட்டேன். கிடங்கு வாட்ச்மேன் வந்து, "இங்க அடுப்பு மூட்டக் கூடாது, மாட்டுக் கொட்டாயில எதுக்கு அடுப்பு?"ன்னான். அதுல இருந்து நான் ஊட்டுல சோறாக்கலீங்க. பழைய சோறு, இல்லாட்டி ஆராவது குடுத்தாத்தான். கரண்ட்டுக்காரங்க வந்து ஒயரக் கழட்டுனாங்க. வீடே இல்லாத எடத்துக்கு ஏது வீட்டு இணைப்புன்னு கேட்டாங்க. பட்டா கேக்கத் தலைவர்கிட்டப் போனேன். அவரு பாவம், நேராவே சொல்லிப்போட்டாரு. "மாட்டுக் கொட்டாய்க்கு ஆருப்பா வீட்டுமனைப் பட்டா குடுப்பா?"

அதுவும் நாயந்தானுங்களே. காயிதத்துல அப்புடித்தான இருக்குது.

ஐப்பசியில ஒரு நா மத்தியானம், மணி மூணு இருக்கும், கரட்டு மேல கருக்கல் கட்டுச்சு. மொத மின்னல் வெட்டுனப்ப நான் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது மின்னல் கிடங்குக் கூரை மேலயே எறங்குன மாதிரி இருந்துச்சுங்க. நான் கைல இருந்தத அப்புடியே போட்டுட்டு ஓடுனேன். இட்டேரித் தடத்துல உழுந்து, முள்ளுல கிழிஞ்சு, ஓடைக்குள்ள எறங்கி, ஒரு பாறைக்கு அடியில தலைய மண்ணோட வெச்சுப் படுத்துக்கிட்டேன். ஒவ்வொரு இடிக்கும் இதுதான், இதுதான்னு நெனச்சேன். மழை உட்டப்பறம் கண்ணத் தெறந்தா எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா மூணு மாட்டையும் கட்டுன கட்டுல உட்டுட்டு வந்திருக்கேன். கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுக் கெடந்துதுங்க மூணும். கயிறு இழுத்துக் கழுத்துல ரத்தம். செவலை மாடு பத்து நாளைக்கு என்னையப் பக்கத்துலயே உடல.

அதுக்கப்பறந்தான் துளசாமணி மனுக் குடுத்தா. ஆரு சொல்லி அவ காதுக்குப் போச்சோ. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசு மனு நாள்ல வரிசையில நின்னு குடுத்திருக்கறா. கிடங்கு வட்டத்துக்குள்ள என்ற ஊடு இருக்குது, அதுல நான் இருவத்திரண்டு வருசம் குடியிருந்தேன்னு. எனக்கு விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சு. "மாட்டுக் கொட்டகை உரிமையாளர் சென்னியப்பன்"னு போட்டு. தபால்காரரு ஊட்டுக்கு முன்னால நின்னுக்கிட்டு, "கொட்டகை எங்கப்பா?"ன்னு என்னையவே கேக்கறாருங்க.

தலைவர் வந்தாரு. இந்தத் தடவை மோர் கேக்கல. "நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன். இப்ப மாத்திச் சொன்னா, ஆபீசரையே ஏமாத்துனதா உன் மேலதான் கேசு வரும். மொதல்ல உள்ள போறது நீதான். அவ பத்து வருசமா அண்ணன் ஊட்டுலதான் இருக்கறா, உங்களுக்குள்ள ஒத்து வரலைன்னு சொல்லீரு. அவ்வளவுதான்." நான் நூறு வாட்டி சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேன். மாட்டுகிட்டச் சொல்லிப் பாத்தேன். பத்து வருசமா, ஒத்து வரலீங்க. பத்து வருசமா, ஒத்து வரலீங்க.

இன்னைக்குத்தாங்க விசாரணை. அங்கிருந்துதான் இப்ப வாரேன்.

ஒரு அம்மாதான் ஆபீசர். துளசாமணி அந்தப் பக்கம் உக்காந்திருந்தா. இளைச்சுப் போயிட்டாளுங்க. தலைவர் கதவோரமா நிக்கறாரு. துளசாமணி பையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து வெச்சா. ரேஷன் கார்டு, ஓட்டுக் கார்டு. கடைசியா எங்க புள்ளையோட பொறப்புச் சான்று. அவ பொறந்தப்ப ஓடையில வெள்ளமுங்க, ஆஸ்பத்திரிக்குப் போக முடியல, நர்ஸம்மாவத் தோளுல தூக்கிட்டு வந்து அந்த ஊட்டுலதான் பிரசவம். அந்தம்மா அத எடுத்துச் சத்தமாப் படிச்சாங்க. "பிறந்த இடம், வீடு, ஊசிக்கரடு."

அப்பறம் என்னையப் பாத்தாங்க. "இவங்க யாரு?"

"என்ற பொண்டாட்டிங்க."

"எங்க குடியிருந்தாங்க?"

பத்து வருசமான்னு ஆரம்பிக்கோணுமுங்க. தலைவர் மூஞ்சியப் பாத்தேன், அவரு போனப் பாத்துக்கிட்டு இருந்தாரு. துளசாமணி என்னையப் பாக்கவே இல்ல. அவ மேசையில கெடந்த அந்தப் பொறப்புச் சான்றத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

"என்ற கூடத்தானுங்க"ன்னுட்டேன்.

"கொட்டகையிலயா?"

"இல்லீங்க. ஊட்டுல."

வாய் தவறி வந்துருச்சுங்க! சத்தியமா நான் அதச் சொல்லோணும்னு போகல. பயத்துல நழுவிப் போச்சு. அந்தம்மா உடனே எழுதிட்டாங்க. அப்ப மூணு வருசத்துக்கு முன்னாடி, அஞ்சு வருசத்துக்கு முன்னாடின்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. ஒண்ணு நழுவுனா அப்பறம் எல்லாம் நழுவுது பாருங்க. வைக்கோலு, சோளத்தட்டு, பொட்டு, எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். ஆரும் இல்லீங்கன்னு சொன்னப்ப இவ உள்ளதான் இருந்தாள்னும் சொல்லிப்போட்டேன். அழுகையும் வந்துருச்சு, ஆபீசுல அத்தன பேரு முன்னால. மானம் போச்சுங்க.

கிடங்குக்கு இனி லோடு வரக் கூடாது, இருக்கறத ஒரு வாரத்துல வெளிய எடுக்கோணும், மறுபடியும் அளக்கோணும்னு உத்தரவு போட்டுட்டாங்க. நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதுக்கு எனக்குத் தனியா நோட்டீஸ். பதினஞ்சு நாள்ல பதில் குடுக்கோணுமாம். இந்தா, பையில இருக்குது. பிளான் இல்லாத ஊட்டுக்கு இனிப் புதுசா மனுப் போடோணும்னும் சொன்னாங்க. ஊடுன்னு எழுதிப் போடச் சொன்னாங்க.

ஆபீசு கேட்டுகிட்ட தலைவர் நின்னாரு. திட்டலீங்க. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். தோள்ல கைய வெச்சு, "ஊருக்கு வா சென்னியப்பா, பேசிக்கலாம்"னாரு. அவ்வளவுதான். அவரு காரு எப்பவோ போயிருச்சு.

துளசாமணிங்களா? இதே பஸ்ஸுலதாங்க வாரா. முன்னால லேடீஸ் சீட்டுல, அந்தப் பச்சைச் சீலை. ஆபீசுல இருந்து வெளிய வந்து நேரா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா. நானும் பின்னாலயே வந்தேன். அவ டிக்கெட்டு அவ எடுத்துக்கிட்டா. எந்த ஊருக்கு எடுத்தாள்னு காத நீட்டிப் பாத்தேன், பஸ்ஸுச் சத்தத்துல கேக்கலீங்க. எங்க பிரிவுக்கா, இல்ல அண்ணன் ஊருக்கா.

நான் ஒண்ணு நெனச்சேன் சார். பிரிவுல எறங்காம நானும் நேரா அண்ணன் ஊரு வரைக்கும் போயிரலாமான்னு. அங்கன்னா தலைவரு ஆளுங்க ஆரும் வர மாட்டாங்க. ஆனா மாடு இருக்குதே. காலையில தண்ணி காட்டுனதுதான்.

பிரிவு வந்துருச்சுங்க. ஐயோ, அதா பாருங்க, புளியமரத்துக்கு அடியில வண்டியோட ரெண்டு பேரு. வெள்ளை வண்டி. தலைவரு ஆளுங்கதான், வைக்கோலு போட்டானே, அவனுந்தான் நிக்கறான். இங்கிருந்து மூணு கிலோமீட்டர் நடக்கோணுமுங்க, ரெண்டு பக்கமும் காடு. நான் எறங்கல சார். கண்டக்டர் விசில ஊதிட்டாருன்னா அப்புடியே போயிரலாம். ஊதட்டும். ஊதட்டும்.

அவ எந்திரிக்கறா.

பைய எடுத்துக்கிட்டா. படிக்குப் போறா. அந்த ரெண்டு பேரையும் பாத்துட்டாளுங்க, நல்லாவே பாத்துட்டா, பாத்துக்கிட்டேதான் எறங்கறா. எறங்கி நின்னு, பஸ்ஸப் பாக்கறா. என்ற ஜன்னலத்தான் பாக்கறா.

கண்டக்டரே, இருங்க, இருங்க! ஆள் எறங்கோணும்!

கொஞ்சம் காலை நவுத்திக்குங்க சார்.